முன்சில்லு இழுக்கிற சிவிக் ஒண்டை ஓடிப் பாத்துச் சொல்லுவியளோ?

வணக்கம் அண்ணாமார், தம்பி தங்கச்சிமார். கிளிநொச்சியிலயிருந்து எழுதுறன். கிரான் ரூரிஸ்மோ 7 எண்ட கார் றேஸ் வீடியோ கேமில 1998ம் ஆண்டு ஹொண்டா சிவிக் ரைப் ஆர் காரை ரெண்டு கிழமையா ரியூன் பண்ணிக்கொண்டிருக்கிறன். 1.6 லீற்றர் எஞ்சின், முன்சில்லுதான் இழுக்கும்.

எங்கட ஏ9 மாதிரி நேர் றோட்டில எந்தக் காரும் நல்லாத்தான் ஓடும். கேமில வாற சுக்குபா எண்ட றேஸ் றாக்கின்ர கடைசி நீள வளைவிலதான் பிரச்சினை. அக்சிலேற்றரைக் கொஞ்சம் வெள்ளன அமத்தினாலே ரயர் கத்திக்கொண்டு மூக்கு வெளியால போகுது. இழுக்கிறதும் திருப்புறதும் அந்த ரெண்டு முன் ரயர்தானே, பாவம். வளைவில கார் சரியிறதைக் குறைக்கிற பின் அன்ரி ரோல் பாரை இறுக்கினன், நல்லாத் திரும்புது. ஆனா பிரேக்கை விடேக்க பின்பக்கம் வழுக்குது. ஒரு சில்லு மட்டும் சும்மா சுத்தாமல் ரெண்டுக்கும் இழுவையைப் பங்கிடுற எல்.எஸ்.டி.யில அக்சிலறேசன் அளவைக் கூட்டினா வளைவால வெளிய வரேக்க இழுவை கிடைக்குது, ஸ்டியரிங் அடம்பிடிக்குது.

ஸ்போர்ட்ஸ் ஹார்ட் ரயரில பத்துச் சுற்று ஓடி, எந்த வளைவில என்ன செய்தது எண்டு எழுதுங்கோ. நேரத்தைவிட எனக்கு அதுதான் முக்கியம். செற்றிங் படம் கீழ இருக்கு.

நான் ஓடுறது கொன்ரோலரில. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் ஆரும் ஸ்டியரிங் வீல் வைச்சிருந்தா சொல்லுங்கோ, நானே வந்து பக்கத்தில இருந்து பாக்கிறன்.