இருமொழி ஆண்டு மலருக்கு எந்தத் தமிழ் எழுத்துரு பொருந்தும்?

கேள்வி

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் நூலகத்தின் ஆண்டு மலரை, இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் மலையாளமுமாக எதிரெதிரே வைத்து அச்சிட இருக்கிறோம். மலையாளத்துக்கு மஞ்ஜரி என்று முடிவாகிவிட்டது. தமிழுக்குக் கணினியில் இருந்த லதாவை இட்டுப் பார்த்தேன். இரண்டுமே 11 பாயிண்ட்தான். ஆனாலும் மலையாளம் வளைந்து ஓட, தமிழ் கட்டம் கட்டமாக நின்றுவிடுகிறது. இலவசமாகக் கிடைப்பவற்றுள் மஞ்ஜரியோடு இசைந்து போவது எது? தலைப்புகளுக்குத் தடித்த வடிவமும் வேண்டும்.

மறுமொழி: பக்க வடிவமைப்பாளர், பாலக்காடு

லதா விண்டோஸ் 2000 காலத்தில் கணினித் திரைக்கென வந்த எழுத்துரு. அதைத் தாளில் அச்சிட்டு அழகு எதிர்பார்ப்பது முறையன்று. மஞ்ஜரியைச் சந்தோஷ் தோட்டிங்கல் வடிவமைக்க, சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற அமைப்பு 2016இல் வெளியிட்டது. அதன் கோடுகள் ஏறக்குறைய ஒரே தடிமனில் ஓடி, முனைகளில் உருண்டு முடிகின்றன. ஆகவே தமிழிலும் தடிமன் சீரானதும் வளைவு இறுகாததுமான எழுத்துருவைத்தான் தேட வேண்டும்.

அதே அமைப்பின் மீரா இனிமை இதற்கு நெருங்கி வரும். மலையாள மீராவை உருவாக்கிய கே. எச். ஹுசைன்தான் தமிழுக்கு அதையும் வடிவமைத்தார். ‘கொழிஞ்சாம்பாறை’ என்ற பெயரையே இட்டுச் சோதித்துப் பாருங்கள்: ‘ழி’யின் மேல்வளைவு அடுத்த எழுத்தில் இடிக்கிறதா, ‘ஞ்’சின் உட்சுழி மையில் அடைபடுகிறதா, ‘றை’ மட்டும் அகன்று சொல்லை இழுக்கிறதா என்பவை அந்த ஒரே சொல்லில் தெரிந்துவிடும். மீரா இனிமையில் தடித்த வடிவம் கிடையாது. கணினி தானாகத் தடிப்பாக்கித் தருவதை ஏற்காதீர்கள். முதலில் அடைபடுவது ‘ஞ’வும் ‘ழ’வும்தான். தலைப்புக்குத் தமிழில் பாலூ தம்பி 2, மலையாளத்தில் பாலூ சேட்டன் 2 என இணையாக வைக்கலாம். இரண்டும் ஏக் டைப் நிறுவனத்தின் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மலையாளத்தில் சேட்டன் என்றால் அண்ணன்; பெயர்ப் பொருத்தமும் நம் எல்லைப் பகுதிக்கு ஏற்றதுதான்!

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சித்தூர்

மேலே எழுதிய நண்பரோடு ஓரளவுதான் உடன்படுகிறேன். மலையாளத்தின் இன்றைய உருண்டை வடிவம், 1820களில் பெஞ்சமின் பெய்லி என்ற ஆங்கிலேய மதபோதகர் கோட்டயத்தில் உருவாக்கிய அச்செழுத்துகளால் நிலைபெற்றது. தமிழின் குணம் வேறு: ‘ட’, ‘ப’, ‘ம’ ஆகியவை நேர்கோட்டில் எழுந்து, தட்டையான அடியில் அமர்கின்றன. பக்கத்துப் பக்கத்துக்காக அந்த நிமிர்வை உருட்டிவிட்டால், வாசிப்பவருக்கு எழுத்தடையாளம் மங்கும். 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூல் அச்சானது இதே கேரளத்தின் கொல்லத்தில். தமிழ் எழுத்து இங்கே விருந்தாளியன்று, தன் வடிவத்தோடேயே இருக்கலாம். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான் என் தேர்வு. மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது தடிமன்கள் இருப்பதால், மஞ்ஜரிப் பக்கத்தின் கருமைக்கு நிகரானதைத் தேர்ந்துகொள்ளலாம். எதிரெதிர்ப் பக்கங்களில் கண்ணை உறுத்துவது வளைவு வேறுபாட்டைவிட, ஒன்று கறுத்தும் மற்றொன்று வெளுத்தும் தெரிவதே.

மறுமொழி: அச்சக உதவியாளர், கொல்லங்கோடு

எழுத்துரு எதுவானாலும் வரி இடைவெளியைத் தனித்தனியே வையுங்கள். 1971ஆம் ஆண்டின் மலையாள எழுத்துச் சீர்திருத்தம் பிரித்துவிட்ட கூட்டெழுத்துகளை மஞ்ஜரி பழைய முறைப்படி சேர்த்தே காட்டுவதால், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய எழுத்துகளுக்கு இடம் கூடுதலாகத் தேவை. தமிழில் அத்தகைய அடுக்கு இல்லை. அதே இடைவெளியைத் தமிழுக்கும் வைத்தால் வரிகள் விலகித் தெரியும். தமிழ்ச் சொற்கள் அகலமாக நீள்வதால், குறுகிய பத்திகளில் இருபுறமும் சமன் செய்யாமல் இடப்புறம் மட்டும் ஒட்டவிடுவது நல்லது.

தமிழாசிரியர் ஐயா சொன்ன கருமைப் பொருத்தத்தைத் திரையில் முடிவு செய்யாமல், மலருக்கு வாங்கப்போகும் தாளிலேயே ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும். அச்சகத்துக்கு எழுத்துருக்களை உள்ளிணைத்த பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். மூலக்கோப்பைக் கொடுத்தால், அவர்கள் கணினியில் இல்லாத எழுத்துருவுக்குப் பதில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிடும்.