கடற்கரை வீட்டில் நிற்கும் சிடி 125: வயரிங்கை முழுமையாக மாற்றுவதா, பழுதான இடங்களை மட்டும் திருத்துவதா?

நிலாவெளி வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அப்பா வைத்திருந்த பழைய ஹொண்டா சிடி 125 மோட்டார் சைக்கிள் இப்போது என் பாவனையில் உள்ளது. 12 வோல்ட் வண்டி. வீடு கடலுக்கு மிக அருகில் இருப்பதால் மழைக்காலம் தொடங்கினாலே மின்கோளாறுகளும் தொடங்கிவிடுகின்றன. சிக்னல் போட்டால் முன்விளக்கு அதனுடன் சேர்ந்து மங்கி மங்கி எரிகிறது. ஹோர்ண் அடித்தால் சிக்னல் நின்றுவிடுகிறது. முன்விளக்குக் கூட்டைத் திறந்து ஒரு வயரின் உறையைச் சீவிப் பார்த்தபோது உள்ளே செம்பு முழுவதும் கறுத்திருந்தது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

வீட்டிலேயே முழு வயரிங்கையும் மாற்ற விரும்புகிறேன். மல்டிமீற்றர் ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்தவும் தெரியும். வீட்டு மின்னிணைப்புக்கு வாங்கிய 1/1.13 வயர் ஒரு சுருள் மீதமிருக்கிறது. அது போதுமா? எங்கிருந்து தொடங்குவது?

உவர்மலை, ஓய்வுபெற்ற தொழினுட்ப ஆசிரியர் எழுதியது:

தம்பி, முதலில் அந்தச் செப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு 10 அம்பியர் பியூஸ் ஒன்றைப் போடுங்கள். அதற்கு முன் வண்டியை ஓட்ட வேண்டாம். எங்காவது ஒரு வயர் பிரேமில் உரசினால் உருக வேண்டியது பியூஸ். அது இல்லாதபோது வயரின் உறையே உருகும், அதுவும் பெற்றோல் தாங்கிக்கு நேர் கீழே. 10 அம்பியர் போதும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். முன்விளக்கு 35 வாற், பின்விளக்கு 5, பிரேக் விளக்கு 21, ஒரு பக்கத்துச் சிக்னல் இரண்டும் சேர்ந்து 20 என்று வைத்தால் மொத்தம் 81 வாற், அதாவது 7 அம்பியருக்கும் சற்றுக் குறைவு. ஹோர்ணுக்கு மேலும் 2 அம்பியரைக் கூட்டினாலும் 9ஐத் தாண்டாது. உங்கள் பல்புகளில் பொறித்துள்ள வாற் அளவு வேறாக இருந்தால் அதைக் கொண்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

அடுத்தது, எதையும் வெட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எர்த் பழுதையே, அதாவது மின் பற்றரியின் எதிர்முனைக்குத் திரும்பும் வழியின் பழுதையே, காட்டுகின்றன. முன்விளக்கு, சிக்னல், ஹோர்ண் மூன்றும் ஒரே எர்த் வழியாகத் திரும்புகின்றன. அந்த வழி அரித்துப்போனால் ஒன்று இழுக்கும் மின்னோட்டம் மற்றொன்றின் வோல்ட்டைக் குறைத்துவிடும். முன்விளக்கை எரியவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் மற்றதை முன்விளக்கின் எர்த் வயரிலும் வையுங்கள். நல்ல வயரிங்கில் 0.2 வோல்ட்டுக்குள் இருக்கும். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பழுதே வெளிச்சத்தைத் தின்கிறது. இழை பல்பில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். மழை இரவில் நிலாவெளி வீதியில் அது மிகப் பெரிய வித்தியாசம்.

இருந்தாலும், உறைக்குள் செம்பு கறுத்திருக்கிறது என்பதால் உங்கள் வண்டிக்கு முழு மாற்றமே சரி என்பது என் கருத்து. உப்பு ஈரம் இழைகளுக்கிடையே ஊர்ந்து நெடுந்தூரம் போய்விடும். கறுத்த முனையை வெட்டிவிட்டுப் புதிய துண்டை ஒட்டினால் அடுத்த மழைக்கு அந்த ஒட்டுக்கு அப்பால் மீண்டும் கறுக்கும். ஆனால் உங்களிடமுள்ள 1/1.13 வயரைப் போட வேண்டாம். அது ஒற்றைத் தடிப்புக் கம்பி, எஞ்சின் அதிர்வில் வளைந்து வளைந்து முறிந்துவிடும். பல நுண்ணிழைகள் கொண்ட வாகன வயரை வாங்குங்கள். விளக்குகளுக்கு 0.75 சதுர மில்லிமீற்றரும், பற்றரியிலிருந்து சாவி சுவிட்ச் வரையிலான பிரதான வழிக்கும் எர்த்துக்கும் 1.5 சதுர மில்லிமீற்றரும் போதும்.

கிண்ணியா, கராஜ் நடத்துபவர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஐயா சொன்னவற்றுடன் வேலை செய்யும் முறையைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பற்றரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். நேர்முனையை முதலில் கழற்ற முயன்றால், ஸ்பானர் பிரேமில் பட்டவுடன் பெரும் பொறி பறக்கும். பழைய வயரிங்கை வெட்டாமல் முழுதாக உருவி எடுத்துத் தரையில் நீட்டி, அதன் பக்கத்திலேயே புதியதைக் கிளைக்குக் கிளை அளந்து கட்டுங்கள். கைபிடியை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பினாலும் இழுபடாத அளவுக்குக் கழுத்துப் பகுதியில் தளர்வு இருக்க வேண்டும். பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

நிறங்களை மாற்றாதீர்கள், சகோதரரே. ஹொண்டாவில் பச்சை எர்த், சிவப்பு பற்றரியிலிருந்து நேராக வருவது, கறுப்பு சாவி போட்ட பின் மின் வருவது. செம்மஞ்சள் இடப்பக்கச் சிக்னல், வெளிர்நீலம் வலப்பக்கம், சாம்பல் சிக்னலை விட்டுவிட்டு எரியச் செய்யும் ரிலேயிலிருந்து கைச்சுவிட்சுக்கு வருவது, பச்சையில் மஞ்சள் கோடு பிரேக் விளக்கு. யமஹாவில் கறுப்புத்தான் எர்த். இரண்டு கம்பனி வண்டிகளின் பாகங்களை ஒன்றில் பொருத்தியிருந்தால் நிறத்தை நம்பாமல் மீற்றரை மட்டும் நம்புங்கள்.

வேலை முடிந்ததும் பியூஸை உடனே போட வேண்டாம். பியூஸ் இருக்கும் இடத்தில் 21 வாற் பிரேக் பல்ப் ஒன்றை இணையுங்கள். எங்கு சோட் ஆகியிருந்தாலும் அந்தப் பல்ப் முழு ஒளியில் எரியும், இரண்டு அம்பியருக்கு மேல் மின் பாயாது, புதிய வயர் ஒன்றும் கருகாது. சாவியை அணைத்த நிலையில் பல்ப் அணைந்தே இருக்க வேண்டும். பின்பு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள். பின்விளக்கு போன்ற சிறிய பல்ப் மங்கலாகவாவது எரிந்தால் அந்த வழி சரி. அது எரியாமல் சோதனைப் பல்ப் மட்டும் பளிச்சென்று எரிந்தால் அந்தக் கிளையில் பழுது.

மூட்டுகளை நான் ஈயம் வைத்து ஒட்டி, மேலே வெப்பத்தில் சுருங்கும் குழாய் போடுவேன். சாதாரண இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் பசையாக உருகி வழியும்.

உவர்மலை, ஓய்வுபெற்ற தொழினுட்ப ஆசிரியர் எழுதியது:

ஈயத்தைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஈயம் இழைகளுக்குள் ஊறிய இடம் விறைத்துப்போகும், அது முடியும் எல்லையில்தான் வயர் அதிர்வில் முறியும். அழுத்திப் பொருத்தும் முனைகளை அதற்குரிய குறட்டால் நன்றாக நெரித்துவிட்டால், கடற்கரைக்கு அதுவே நீடிக்கும் என்று நம்புகிறேன். சாதாரண குறட்டால் நசுக்கினால் அந்தப் பயன் கிடைக்காது. முனைகளைச் செருகும் முன் சிறிது வாசலின் பூசினால் உப்பு ஈரம் உள்ளே போகாது.

கிண்ணியா, கராஜ் நடத்துபவர் எழுதியது:

ஐயா சொல்வது கைபிடி அருகே அசையும் வயர்களுக்கு மிகச் சரி. அசையாத இடத்தில், மூட்டின் இரு பக்கமும் பிரேமோடு கட்டிவிட்டால் ஈயமும் தாங்கும். முதன்முறை செய்பவருக்குக் குறடுதான் இலகு.

நிலாவெளி வாசகர் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடி அளந்தேன், எர்த்தில் 1.3 வோல்ட் காட்டியது. பியூஸ் போட்டுவிட்டேன், வாகன வயருக்கும் சொல்லியிருக்கிறேன். பற்றரியும் அடிக்கடி இறங்குகிறது. அதற்கும் எர்த்தான் காரணமா?

உவர்மலை, ஓய்வுபெற்ற தொழினுட்ப ஆசிரியர் எழுதியது:

இருக்கலாம், ஆனால் தனியாகச் சோதியுங்கள். புதிய வயரிங் பூட்டிய பின் எஞ்சினை நன்றாக வேகமூட்டிப் பற்றரி முனைகளில் அளந்தால் 13.5 வோல்ட்டுக்கும் 14.5 வோல்ட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். 12.5ஐத் தாண்டவே இல்லையென்றால் எஞ்சினில் மின் உண்டாக்கும் காந்தச் சுருளையும், அதைப் பற்றரிக்கேற்ற நேர்மின்னாக மாற்றும் ரெக்டிபையரையும் பாருங்கள். 15க்கு மேல் ஏறினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பழுது, அதை மாற்றும் வரை புதிய பற்றரி வாங்க வேண்டாம்.