புதுப்பிப்பு: பழைய ஜீப் பிக்கப்பின் பிரேக் பெடல்

முன்சக்கரங்களுக்கு டிஸ்க் மாற்றியபின் பெடல் பஞ்சாக அமுங்குகிறது, இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கிறது என்று எழுதியிருந்தேன். பலர் மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் பம்ப்) சந்தேகப்பட்டீர்கள். அது நன்றாகவே இருந்தது. தருமபுரியில் ஒரு வயதான மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றியதுமே சிரித்துவிட்டார்: "காலிப்பரை இடது வலது மாத்திப் பூட்டியிருக்காங்க சார், நிப்பிள் கீழ பாக்குது." காலிப்பர் என்பது டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்; நிப்பிள் என்பது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற அதில் இருக்கும் சிறு திருகு. காற்று மேலேதானே தங்கும், நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை தடவை ஏர் எடுத்து என்ன! சரியாகப் பூட்டி நிப்பிளைத் திறந்ததும் பொரிந்து பொரிந்து குமிழியாக வந்தது.

அப்புறம், இந்த வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் தளத்துக்கு அடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கிறது. வண்டி நின்றால் ஆயில் திரும்ப இறங்கிவிடும். அதனால் முன் லைனில் 2 பிஎஸ்ஐ அழுத்தத்தை எப்போதும் தக்கவைக்கும் ரெசிடுவல் வால்வு, பின் டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ. இப்போது முதல் மிதியிலேயே பிடிக்கிறது. தொப்பூர் மலைப்பாதை இறக்கத்தில் மட்டும் இரண்டாம் கியரை இன்னும் விடுவதாக இல்லை.