புது டப்பா, பழைய அச்சு

குழு: ஒரே வேர்
சனிக்கிழமை

காலை 7:42 – கவின்: மாமா, எழுந்துட்டீங்களா? நான் விக்கறதுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் கார் கிட் லிஸ்ட், அதான் பாகத்தை ஒட்டிச் செய்யற பிளாஸ்டிக் மாடல் கார் லிஸ்ட், அனுப்பிட்டாரு. 'புது வெளியீடு'ன்னு 22 ஐட்டம் இருக்கு. திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ப்ரீ-ஆர்டர் சொல்லணுமாம். எல்லாத்துலயும் ஒரு டஜன் போட்டுடலாம்னு இருக்கேன்.

7:43 – கவின்: 📷 படம்

7:58 – மணி மாமா: ஒரு டஜனா? அவசரப்படாத மாப்ள. படம் மங்கலா இருக்கு, ஐட்டம் நம்பர் தெரியற மாதிரி திரும்ப அனுப்பு.

8:01 – கவின்: 📷 படம்

8:20 – மணி மாமா: பாத்தேன். இந்த 22ல முழுக்க புதுசுன்னு சொல்லக்கூடியது நாலுதான்.

8:21 – கயல் அக்கா: தலைப்புலயே புது வெளியீடுன்னு போட்டிருக்கே மாமா?

8:29 – மணி மாமா: அவங்க பொய் சொல்லல கயலு. இந்த மாசம் டப்பா வெளிய வருது, அதனால அது வெளியீடு. ஆனா உள்ள இருக்கறது எப்பப் பொறந்ததுங்கறது வேற விஷயம். புதுசா இரும்பு அச்சு வெட்டி வர்றது ஒண்ணு. பழைய அச்சோட புதுப் பாகம் இருக்கற ரெண்டு ஃப்ரேம் மட்டும் சேத்து, வேற வீல், வேற பம்பர், வேற டீக்கல் (மேல ஒட்டற எழுத்து, படம்)னு வர்றது இன்னொண்ணு. மிச்சம் எல்லாம் பழைய அச்சுல திரும்பப் பிளாஸ்டிக் ஏத்தி, மேல புதுப் படம் ஒட்டின டப்பா. மூணுக்கும் லிஸ்ட்ல ஒரே வார்த்தைதான். பிரிச்சுப் பாக்கறது விக்கறவன் வேலை.

8:33 – கவின்: எப்படி மாமா பிரிக்கறது? டப்பா கைக்கே வரலியே இன்னும்.

8:41 – மணி மாமா: ஸ்கேல்மேட்ஸ்னு ஒரு தளம் இருக்கு. ஐட்டம் நம்பரைப் போட்டா அந்த கிட்டோட வம்சாவளியே வரும். புது அச்சா, புதுப் பாகம் சேத்ததா, வெறும் டப்பா மாத்தினதா, முதல்ல எந்த வருஷம் வந்துச்சுன்னு கோடு போட்டுக் காட்டும். 22 நம்பரையும் இன்னிக்கே தேடிடு. கிட் கைக்கு வந்தப்புறம்னா இன்னும் சுலபம். சேஸிஸ் அடியிலயோ பாடிக்கு உள்பக்கமோ வருஷம் அச்சாகி இருக்கும் பல கிட்ல. டப்பா ஓரத்துல இருக்கற வருஷத்தை நம்பாத, அது டப்பாவுக்கு.

8:44 – மணி மாமா: இதை நான் கத்துக்கிட்டது ஒரு கஸ்டமர்கிட்ட. ஆரம்பத்துல எனக்கு இந்த வித்தியாசமே தெரியாது. லிஸ்ட்ல என்ன போட்டிருக்கோ அதையே சொல்லி வித்தேன். வயசானவர் ஒருத்தர், 'புதுசா தம்பி?'ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரு. மறுநாள் வந்து சேஸிஸை மட்டும் கவுண்டர்ல கவுத்து வச்சாரு. சின்ன வயசுல அவர் செஞ்ச அதே கிட். வருஷம் தெளிவா இருந்துச்சு. சத்தம் போடல, பணமும் கேக்கல. 'பழசுன்னு சொல்லியிருந்தா இன்னும் சந்தோஷமா வாங்கியிருப்பேன்'னு மட்டும் சொன்னாரு. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

8:52 – சித்தப்பா: அவர் சொன்னது நூத்துக்கு நூறு. நான் 30 வருஷமா கிட் செய்றவன். மறுவெளியீடு வந்தா ஓடிப்போய் வாங்குவேன். சின்ன வயசுல கைக்குக் கிடைக்காதது, பாதியில பசை கொட்டிக் கெட்டுப்போனது, எல்லாம் திரும்பக் கிடைக்குதே! ஆனா பழைய அச்சுன்னு தெரிஞ்சா அதுக்குத் தயாரா உக்காருவேன். பிசிறு இருக்கும், பாடில அச்சுக்கோடு இருக்கும், தேய்க்கணும். புதுசுன்னு நம்பிப் பிரிச்சா அதே பிசிறு ஏமாத்தின மாதிரி வலிக்கும்.

8:55 – கயல் அக்கா: ஏன் சித்தப்பா பழசையே திரும்பத் திரும்பப் போடறாங்க? புதுசாவே செய்யலாம்ல?

9:06 – சித்தப்பா: அச்சுதாம்மா செலவு. நிஜக் காரை அளந்து, கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, இரும்புல குடையறதுக்குள்ள பெரும் பணம் போயிடும். அதுக்கு மேல கார் கம்பெனிகிட்ட லைசென்ஸ் வாங்கணும். பழைய அச்சுக்கு அந்த முதல் செலவு எப்பவோ திரும்பிடுச்சு. அந்த வருமானத்துலதான் அடுத்த புது அச்சு வெட்ட முடியும். அதனால மறுவெளியீட்டை நான் குறையாப் பாக்கறதில்ல.

9:15 – சித்தப்பா: இன்னொரு கதை கேளு. அமெரிக்காவுல ஏஎம்டி கம்பெனி 1958ல இருந்து '3-இன்-1' கிட் போட்டாங்க. ஒரே டப்பாவுல சாதா காராவும் செய்யலாம், அலங்காரக் காராவும் செய்யலாம், ரேஸ் காராவும் செய்யலாம். டெட்ராய்ட்ல வருஷா வருஷம் காரோட முகம் மாறும். இவங்களும் அதே அச்சை வெட்டி, நிரப்பி, அடுத்த வருஷத்து காரா மாத்துவாங்க. சிலதை ரேஸ் காராவே மாத்திட்டாங்க. அப்படி மாத்தினப்புறம் முந்தின கார் போனது போனதுதான். அதனால சில கிட் மறுவெளியீடா வரவே வழியில்ல. இப்போ ஏஎம்டி, எம்பிசிங்கற இன்னொரு கிட் பேரு, ரெண்டுமே ரவுண்ட் 2ங்கற கம்பெனிகிட்ட இருக்கு. அவங்க அந்த மாதிரி தொலைஞ்ச பாடி சிலதைப் பழைய கிட்டைப் பாத்து புது அச்சாவே திரும்ப உண்டாக்கறாங்க. பாத்தா பழசு, அச்சு புதுசு.

9:17 – கவின்: அப்போ அது எந்த வகைல சேரும்?

9:19 – மணி மாமா: அதைத்தான் கஸ்டமர்கிட்ட வாயைத் தொறந்து சொல்லணும். 'பழைய கிட்டைப் பாத்து புதுசா வெட்டின அச்சு'ன்னு ஒரு வரி. அந்த வரிக்காகவே உன்கிட்ட வருவாங்க.

10:30 – கவின்: தேடிப் பாத்துட்டேன் மாமா. நீங்க சொன்னது சரி. முழுப் புது அச்சு 4, புதுப் பாகம் சேத்தது 5, மறுவெளியீடு 13. அப்போ அந்த நாலுல மட்டும் டஜன் போட்டுட்டு மத்ததை விட்டுடவா?

10:38 – மணி மாமா: அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. புது அச்சு முதல் மூணு வாரம் பறக்கும். வேணுங்கறவன் ஏற்கனவே மூணு இடத்துல ப்ரீ-ஆர்டர் வச்சிருப்பான். அப்புறம் சட்டுனு நின்னுடும், ஏன்னா அடுத்த புதுசு அறிவிச்சிருப்பாங்க. மறுவெளியீடு அப்படி இல்ல. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு நிதானமாப் போயிட்டே இருக்கும். தீந்துபோச்சுன்னா பல வருஷம் திரும்ப வராது, அதனால கையில இருக்கறதுக்கு மதிப்பு குறையாது.

10:40 – மணி மாமா: புது அச்சுல உன்கிட்ட முன்பணம் கட்டினவங்க எண்ணிக்கை, அது மேல ரெண்டு. அவ்வளவுதான்.

10:44 – அம்மா: தம்பி, நான் அதைத்தான் கேக்க நெனச்சேன். 22 டஜன்னா 264 டப்பா. வீட்டுல நாம எங்க நிக்கறது? போட்ட பணம் எப்போ திரும்பும்?

10:47 – மணி மாமா: அக்கா கேக்கறது சரியான கேள்வி. கிட் வியாபாரத்துல நஷ்டம் வர்றது விக்காததால மட்டும் இல்ல, நல்லா விக்கறது வர்ற அன்னிக்கு வாங்கப் பணம் இல்லாமப் போறதாலயும்தான்.

10:52 – கவின்: ஆனா மாமா, கம்மியாச் சொன்னா அப்புறம் கெடைக்காதுன்னு சொல்றாங்களே?

11:05 – மணி மாமா: அதுவும் உண்மை. கம்பெனி ஒரு ஓட்டத்துக்கு இவ்வளவுதான்னு அடிக்கும். ஒவ்வொரு நாட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்கும் பங்கு பிரியும், அவர் கடைகளுக்குப் பிரிப்பாரு. ஒரு தடவை 12 சொன்ன எனக்கு 3 வந்துச்சு. மிச்ச 9 பேர்கிட்டயும் காசு வாங்கி வச்சிருந்தேன். ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணித் திருப்பிக் குடுத்தேன். அதுல இருந்து ஒரே ஆளை நம்பறதில்ல, ரெண்டு டிஸ்ட்ரிபியூட்டர் வச்சிருப்பேன்.

11:12 – சித்தப்பா: 2018 ஜனவரில நடந்தது ஞாபகம் இருக்கா மாமா? அமெரிக்காவுல ஹாபிகோ கம்பெனி திவாலானப்போ? ரெவெல்ங்கற கிட் கம்பெனி அவங்க கையிலதான் இருந்துச்சு, பெரிய டிஸ்ட்ரிபியூட்டரும் அவங்களேதான். அந்த வருஷமே ஒரு ஜெர்மன் முதலீட்டு கம்பெனி ரெவெலை வாங்கினதால அச்செல்லாம் பொழச்சுது. அதுக்குள்ள எத்தன மாடலர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம்!

11:14 – மணி மாமா: மறக்க முடியுமா? கம்பெனியும் சப்ளையும் ஒரே கையில இருந்தா, அது தடுமாறும்போது ரெண்டும் சேந்து விழும்.

12:20 – கயல் அக்கா: எனக்கு ஒரு சந்தேகம். லிஸ்ட்ல சிலதுல 1/24, சிலதுல 1/25. பிரிண்ட் தப்பா?

12:31 – சித்தப்பா: தப்பு இல்லம்மா. அது ஸ்கேல், 1/24ன்னா நிஜக் கார் நீளத்துல 24ல ஒரு பங்கு. டமியா, ஹாசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி எல்லாம் ஜப்பான், அவங்க கார் 1/24. அமெரிக்கக் கிட் பெரும்பாலும் 1/25, மோனோகிராம் கம்பெனி அச்சு மட்டும் 1/24. நாலரை மீட்டர் கார் 1/24ல 18.75 செ.மீ. வரும், 1/25ல சரியா 18 செ.மீ. முக்கால் சென்டிமீட்டர்தானேன்னு தோணும். ஒரே காரை ரெண்டு கம்பெனில வாங்கிப் பக்கத்துல வச்சுப் பாரு, கண்ணு உறுத்தும். வீல் மாத்திப் போடறவங்களுக்கு இன்னும் கஷ்டம்.

12:33 – மணி மாமா: அதனால கவினு, உன் பட்டியல்ல ஸ்கேலைப் பேருக்கு முன்னாடி போடு. அடுத்தது எஞ்சின். கண்டிப்பாக் கேப்பாங்க. இப்போ வர்ற ஜப்பான் கிட்ல பலதுல எஞ்சின் கிடையாது, பானட் தெறக்காது. அது குறை இல்ல, பாடி ஃபிட்டிங் அருமையா இருக்கும். ஆனா முன்னாடியே எழுதிடணும்.

12:50 – கவின்: குறிச்சுக்கிட்டேன். பெயின்ட் வைக்கலாமா மாமா? அது எரியற சரக்கு, விமானத்துல போகாதுன்னு கூரியர்ல சொன்னாங்க.

1:08 – மணி மாமா: ஸ்ப்ரே டப்பா விஷயத்துல கூரியர் சொன்னபடியே கேளு, சரக்கை மறைச்சு அனுப்பற வேலையே வேண்டாம். தரை வழி மட்டும். ஆனா பெயின்ட் கண்டிப்பா வேணும். கிட் ஒரு தடவை விக்கும். பசை, பெயின்ட், உப்புத்தாள், மாஸ்கிங் டேப், இதுக்குத்தான் ஆளு திரும்பத் திரும்ப வருவாங்க. டமியா டிஎஸ் ஸ்ப்ரேல கிளியர் 13, கருப்பு 14, வெள்ளை 26, இத்தாலியன் ரெட் 8, இந்த நாலு எப்பவும் இருக்கட்டும். பசையில எக்ஸ்ட்ரா தின், பச்சை மூடி.

1:10 – மணி மாமா: முக்கியமா ஒண்ணு. டிஎஸ் வேற, பிஎஸ் வேற. டப்பா ஒரே சைஸ், பாக்க ஒரே மாதிரி. டிஎஸ் இந்த ஸ்டைரீன் பிளாஸ்டிக் கிட்டுக்கு. பிஎஸ் ரிமோட்ல ஓடற ஆர்சி காரோட பாலிகார்பனேட் பாடிக்கு. மாத்திக் குடுத்தா ஒருத்தரோட பல வார உழைப்பு ஒரே நிமிஷத்துல வீணாப் போயிடும். தனித்தனி தட்டுல வை.

1:16 – அம்மா: அதெல்லாம் ஸ்டோர் ரூம்ல வெயில் படற ஜன்னல் பக்கம் வைக்க வேண்டாம்னு சொல்லு தம்பி. அவன் அங்கதான் அடுக்கி வச்சிருக்கான்.

1:22 – மணி மாமா: ஐயோ, உடனே மாத்துடா! ஸ்ப்ரேக்கு ஆபத்து. டப்பா வெளுக்கும், டீக்கல் மஞ்சளாகும். இன்னொண்ணு, பழைய கிட் வாங்கி வச்சா டயரைத் தனிக் கவர்ல போடு. வினைல் டயர் வருஷக்கணக்கா கண்ணாடிப் பாகத்து மேல படிஞ்சிருந்தா பிளாஸ்டிக்கை உருக்கிடும். கண்ணாடி போச்சுன்னா கிட்டே போச்சு.

1:25 – சித்தப்பா: என்னோட ரெண்டு கிட் அப்படிப் போச்சு. முன் கண்ணாடில டயர் பட்டை அப்படியே பதிஞ்சிருந்துச்சு. இன்னும் மனசு ஆறல.

4:47 – கவின்: ஜன்னல் பக்கம் இருந்ததெல்லாம் மாத்திட்டேன் மா. மாமா, ஆர்டர் இப்படி: புது அச்சு நாலுல ரெண்டு மட்டும். முன்பணம் கட்டினவங்க ஒண்ணுக்கு 5, இன்னொண்ணுக்கு 3. அதனால 7ம் 5ம். புதுப் பாகம் சேத்ததுல ரேலி கார் ஒண்ணு, 3. மறுவெளியீட்டுல ஆறு ஐட்டம், ரெண்டு ரெண்டு. மொத்தம் 27.

4:55 – மணி மாமா: நல்லா இருக்கு. ரேலி கார்ல டீக்கல் ஷீட்டைப் பாத்தியா? சிகரெட் விளம்பரம் இருந்த காரா இருந்தா இப்போ அந்த எழுத்து இல்லாமத்தான் வரும். தனியா டீக்கல் போடற கம்பெனிங்க இருக்காங்க. அதையும் சொல்லிடு, டப்பாவைப் பிரிச்சப்புறம் ஏமாறக் கூடாது.

5:31 – கவின்: ஷீட் படம் பாத்தேன், எழுத்து இல்ல. ரேலி காருக்கு அதையும் சேத்து எழுதிட்டேன். மறுவெளியீடு ஒண்ணுக்கு நாளைக்குப் போடப்போற அறிவிப்பு இது, சரியான்னு பாருங்க:
'1/25. பழைய அச்சு, மறுவெளியீடு. எஞ்சின் உண்டு. பிசிறு எடுக்க வேண்டியிருக்கும். டீக்கல் புதுசா அச்சடிச்சது. அடுத்த மாசம் 12ஆம் தேதி அனுப்பப்படும்.'

5:36 – மணி மாமா: தேதியை எடுத்துடு. கம்பெனி ஒரு வாரம் தள்ளிப் போட்டா கேள்வி உன்கிட்டதான் வரும். மாசம் மட்டும் போடு. மத்ததுல ஒரு எழுத்துகூட மாத்தாத.

5:37 – கவின்: எடுத்துட்டேன் மாமா.

5:40 – சித்தப்பா: அது எந்த கார்டா? நம்பர் அனுப்பு. அந்த ரெண்டுல ஒண்ணு எனக்கு எடுத்து வை, முன்பணம் இப்பவே போடறேன்.

5:41 – கவின்: அனுப்பறேன் சித்தப்பா. அப்போ அதை 3 ஆக்கிடறேன்.