சலான் எழுதித் தரச் சொன்னா, கூடை தூக்கிவிடச் சொன்னா எப்படிச் செய்யறது?

நல்லம்பள்ளி ரோடு:
தர்மபுரி டவுன்ல ஒரு நாள் சுத்தினா ரெண்டு குரல் கட்டாயம் காதுல விழும். பேங்க்ல "இதக் கொஞ்சம் எழுதிக் குடு கண்ணு", சந்தைப்பேட்டைப் பக்கம் "ஒரு கை குடு சாமி, தூக்கிவிடு". 15ஆம் தேதி உரிமைத்தொகை ஏறின மறுநாள் பேங்க் கூட்டத்தைச் சொல்லவே வேணாம். உதவ மனசு இருக்கு. ஆனா தப்பா எழுதி ஆயாவை மறுபடி வரிசையில நிக்க வைக்கக்கூடாது, நாளைக்குப் பணம் குறையுதுன்னு நம்ம தலையில விழவும் கூடாது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஏடிஎம் பத்தியும்.

பழைய கேஷியர்:
முதல்ல பாஸ்புக்கை வாங்குங்க, ஆதாரை இல்ல. பேர் பாஸ்புக்ல இருக்கறபடியே, இனிஷியலோட. ஸ்டேட் பேங்க் புக்னா சிஐஎஃப் நம்பரும் (வாடிக்கையாளருக்குன்னு பேங்க் தர்ற நம்பர்) 11 இலக்கம், அக்கவுண்ட் நம்பரும் 11 இலக்கம். அவசரத்துல முதல்ல கண்ணுல பட்டதை எழுதிடுவாங்க. சலான் திரும்பி வர இது ஒண்ணே போதும்.

எவ்வளவு வேணும்னு கேட்கறதுக்கு முன்னாடி என்ட்ரி போட்டிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா புக்ல இருக்கறது பழைய பாக்கி.

தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதணும். "இரண்டாயிரம் ரூபாய் மட்டும்"னு தமிழ்லயே எழுதலாம். எண்ணுக்குப் பின்னாடி கோடு இழுத்துருங்க, 2000 அப்புறம் 20000 ஆகாது. தொகையில அடிச்சுத் திருத்தாதீங்க. வேற சலான் எடுத்து எழுதிட்டு, பழசை அவங்க எதிர்லயே கிழிச்சிருங்க. எல்லாம் எழுதி, பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேட்காம மெதுவாப் படிச்சுக் காட்டின பிறகுதான் கையெழுத்து. வெறும் சலான்ல முதல்ல கையெழுத்து வாங்கற பழக்கம் ஆகவே ஆகாது.

கைநாட்டுன்னா எழுதற மேசையில வாங்காதீங்க, அதிகாரி முன்னாடிதான் வைக்கணும். "நீங்களே சாட்சி போடுங்க"ன்னு யாராவது சொன்னா, முன்பின் தெரியாதவங்கன்னா மறுத்துருங்க. சாட்சிக் கையெழுத்துக்கு அர்த்தமே "இவங்களை எனக்குத் தெரியும்"கறதுதான். எழுதிக் குடுக்கறது வேற, சாட்சி வேற. அதே மாதிரி "நீயே வாங்கிட்டு வா, நான் உக்காந்திருக்கேன்"னா ஒத்துக்காதீங்க. சலான்ல எடுக்கக் கணக்குக்காரரே வரணும். வரிசையில நீங்க நின்னு, முறை வரும்போது கூப்பிடலாம். பணத்தைக் கவுண்டரை விட்டு நகரும் முன்னாடி அவங்களே எண்ணட்டும்.

ஏடிஎம்ல கார்டு உங்க கைக்கே வரக்கூடாது. கார்டை மாத்தற திருட்டு "நான் எடுத்துத் தரேன்"லதான் ஆரம்பிக்குது. ரெண்டடி தள்ளி நின்னு எந்தப் பட்டன்னு வாயால சொல்லுங்க, பின் அடிக்கும்போது திரும்பிக்குங்க. பணம் வராம கணக்குல மட்டும் கழிஞ்சா, சீட்டை வச்சுக்கிட்டு அவங்க கிளையில புகார் குடுக்கச் சொல்லுங்க. 2019 ரிசர்வ் வங்கி விதிப்படி அஞ்சு நாளுக்குள்ள திரும்ப ஏறணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தரணும்.

சந்தை வாசல்:
கூடை பத்தி நான் சொல்றேன். தூக்கிவிடறவங்க செய்யற தப்பு, தனியாத் தூக்கி அவங்க தலையில "வைக்க"ப் போறது. எடை சட்டுனு இறங்கி கழுத்து மடங்கும். எதிரும் புதிருமா நில்லுங்க. சும்மாட்டை அவங்க சரி பண்ணிக்கட்டும். ரெண்டு பேரும் முட்டியை மடக்கி, கை கூடையோட அடியில இருக்கணும்; விளிம்பைப் பிடிச்சா மூங்கில் கூடை பிரியும், அன்னக்கூடைன்னா காது பிய்ஞ்சு கையோட வரும். எப்பத் தூக்கறதுன்னு அவங்க சொல்லட்டும். முதல்ல இடுப்பு வரைக்கும், ஒரு மூச்சு விட்டு அப்புறம் தலைக்கு. "விடு"ன்னு சொன்ன பிறகும் ஒரு நொடி கை அடியிலயே இருக்கட்டும், ஏன்னா தக்காளி அப்பத்தான் ஒரு பக்கமா உருளும்.

20 கிலோவுக்கு மேலன்னு தோணினா மூணாவது ஆளைக் கூப்பிடுங்க. ஆளில்லைன்னா முதல்ல ஒரு திண்ணை மேல ஏத்தி, அங்கிருந்து தலைக்கு. சுமைதாங்கிக் கல்லு நட்டு வச்சதே இதுக்குத்தான்.

பஸ்ஸுன்னா சுமை முதல்ல, ஆள் அப்புறம். கையைப் பிடிச்சு மேல இழுக்காதீங்க. கம்பியை அவங்க பிடிக்கட்டும், நீங்க முழங்கையைத் தாங்குங்க. "பென்னாகரம் போவுமா"ன்னு கேட்டா, போகும்கறதோட நிறுத்தாதீங்க. பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸா, காசு குடுக்கற பஸ்ஸான்னும் சேர்த்துச் சொல்லுங்க. முந்தானை முடிச்சுல காசு எண்ணித்தான் இருக்கும்.

தேன்கனிக்கோட்டை பக்கம்:
இங்க கன்னடம், தெலுங்கு பேசறவங்க நிறைய. தமிழ்ல படிச்சுக் காட்டினா தலையாட்டுவாங்க, புரிஞ்சிருக்காது. "எவ்வளவு எழுதினேன், சொல்லுங்க"ன்னு திருப்பிக் கேளுங்க.

ரேஷன்லயும், விரல் ரேகை வச்சுப் பணம் எடுக்கற மினி பேங்க்லயும் ரேகை விழாத கதை தனி. புளி தட்டி, கொட்டை எடுத்து எடுத்துப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தேஞ்சிருக்கும். கழுவி, ஈரம் போகத் துடைச்சு, வெடிச்ச விரல்னா ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவித் துடைச்சிட்டு வைக்கச் சொல்லுங்க. மெஷின் கண்ணாடியையும் துடைக்கணும், முன்னாடி வச்சவங்க பிசுக்கு ஒட்டியிருக்கும். அழுத்தினா கோடெல்லாம் ஒட்டிப்போகும். லேசா, தட்டையா வைக்கணும். வரலைன்னா மோதிர விரலை முயற்சி பண்ணலாம். ரேஷன்ல இது ஆகலைன்னா கருவிழி வச்சு முயற்சி பண்ணச் சொல்லிக் கேளுங்க. மினி பேங்க்ல "இன்னொரு தடவை வைங்க"ன்னா, முதல் தடவை என்னாச்சுன்னு சீட்டு கேட்காம விரல் வைக்க விடாதீங்க.

நல்லம்பள்ளி ரோடு:
நன்றிங்க எல்லாருக்கும். ஒண்ணே ஒண்ணு. வரிசையிலயே பின் நம்பரைச் சத்தமாச் சொல்லிட்டாங்கன்னா?

பழைய கேஷியர்:
அவங்க பேங்க் ஏடிஎம்லயே பின் மாத்தற வழி இருக்கு. அவங்களுக்கு வராதுன்னா கிளைக்குள்ள கூட்டிட்டுப் போய் ஊழியர்கிட்ட விடுங்க, நீங்க மாத்தித் தராதீங்க. கார்டு உறை மேலயே பின்னை எழுதி வச்சிருப்பாங்க, அதையும் பார்த்துச் சொல்லுங்க. அப்புறம் பையில ஒரு பால்பாயின்ட் பேனா வச்சுக்குங்க. ஜெல் வேணாம், ஈரக்கை பட்டா கரையும். பேங்க்ல நூல்ல கட்டித் தொங்கறது எழுதாது.