டைலிங் ஸ்கிரிப்ட் போட்டவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

கல்லடிக்காரன்:
லினக்ஸின் கேடிஈ பிளாஸ்மா மேசைச்சூழலில், 5.27இல் வந்த டைலிங் தெரியும்தானே, சாளரங்களைக் கட்டம் கட்டமாய் அடுக்குவது. மெட்டா (விண்டோஸ் விசை) + T அழுத்திக் கட்டம் பிரிக்கலாம், ஷிஃப்டைப் பிடித்தபடி சாளரத்தை இழுத்துப் போடலாம். ஒவ்வொன்றாய் இழுக்கச் சோம்பல், அதனால் பொலோனியம் என்ற டைலிங் ஸ்கிரிப்ட் போட்டேன். அதே கட்டங்களை அது தானாக நிரப்பும். நல்லாத்தான் இருந்தது.

அப்புறம் உயர்தர இணைய வகுப்பு. திரையைப் பகிர்ந்து எறியக் கணக்கு செய்கிறேன், பிள்ளைகள் ஒவ்வொருவராய் உள்ளே வருகிறார்கள். ஒவ்வொரு வரவுக்கும் வகுப்புச் செயலி ஒரு குட்டி அறிவிப்புச் சாளரம் திறக்கும். ஸ்கிரிப்டுக்குக் குட்டி, பெரிசு எல்லாம் ஒன்றுதான்; பாதித் திரையைத் தூக்கிக் கொடுத்துவிடும். என் கணக்கு ஓரமாய்ச் சுருங்கும், அறிவிப்பு மறைந்ததும் விரியும், அடுத்த பிள்ளை வந்ததும் திரும்பச் சுருங்கும். “சேர், பலகை மூச்சு விடுது” என்றான் ஒருவன். எல்லோரும் மைக்கைத் திறந்துவிட்டுச் சிரிப்பு. எறியம் அப்படியே ஆகாயத்தில் நின்றுவிட்டது.

அக்கரைப்பற்றான்:
உங்களுக்குச் சிரிப்பாவது கேட்டது, எனக்குச் சத்தமே இல்லை. டெர்மினலை வலப்பக்கக் கட்டத்தில் வைக்க நானே எழுதிய ஸ்கிரிப்ட், பிளாஸ்மா 6க்கு மாறிய அன்று செத்துவிட்டது. பட்டியலில் டிக் இருக்கு, திரையில் பிழைச் செய்தி இல்லை, டெர்மினல் மட்டும் நடுவில் வந்து குந்திக்கொண்டிருக்கு. இரவு கரண்ட் போய் யூபிஎஸ் கீச்சிடும்போதுதான் ஜேர்னலில் (கணினியின் பதிவேட்டில்) பிழையைச் சொல்லும் ஒரு வரி கண்ணில் பட்டது. ஸ்கிரிப்ட்கள் பயன்படுத்தும் பெயர்களை 6இல் மாற்றிவிட்டார்கள்: கிளையன்ட்ஆடட் இப்போது விண்டோஆடட், கிளையன்ட்லிஸ்ட் இப்போது விண்டோலிஸ்ட். மாற்றியதும் ஓடியது. யூபிஎஸ் ஓடவில்லை.

வந்தாறுமூலை:
என் கதை சின்னது: ஆய்வறிக்கை கொடுக்கும் நேரம் பார்த்து, நான் போட்டிருந்த பிஸ்முத் என்ற டைலிங் ஸ்கிரிப்டை எழுதியவர்கள் கைவிட்டார்கள். அதனால் சொல்கிறேன், கல்லடி அண்ணன், வகுப்பு எடுக்கிறவருக்குத் தானியங்கி டைலிங் எதற்கு? மெட்டாவோடு இடது, வலது அம்புக்குறி போதும். ஸ்கிரிப்ட் இல்லாமல் முடியாது என்றால், முதலில் சாளர விதிகளுக்குப் போய் “சாளரப் பண்புகளைக் கண்டறி” என்ற பட்டனை அழுத்தி அந்த அறிவிப்பைக் கிளிக் பண்ணுங்கள். அந்தச் சாளரத்தின் வகைப் பெயர் (window class) வரும். அதை ஸ்கிரிப்டின் விலக்குப் பட்டியலில் போடுங்கள். பிளாஸ்மா 6 என்றால் குரோன்கைட் என்ற ஸ்கிரிப்டையும் பாருங்கள், அதில் சாளரத் தலைப்பை வைத்தும் விலக்கலாம். இன்னொன்று, 6.4இலிருந்து ஒவ்வொரு மெய்நிகர் மேசைக்கும் தனித்தனிக் கட்டம் வைக்கலாம். வகுப்புக்கு ஒரு மேசையை ஒதுக்கிவிட்டுக் கட்டம் பிரிக்காமல் விடுங்கள். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் வெளியீடு வரும்போதெல்லாம் மாற்றக் குறிப்பை வாசிக்கவும் வேண்டும். யாரும் வாசிப்பதில்லை.

அக்கரைப்பற்றான்:
நான் வாசிச்சுத்தான் திருத்தினேன், தம்பி. 6.4 எல்லாருக்கும் கிடைக்குமா? லினக்ஸ் வழங்கலான டெபியன் 13லேயே பிளாஸ்மா 6.3தான். 12 வைத்திருப்பவர் இன்னும் 5.27இல் இருக்கிறார்.

கல்லடிக்காரன்:
நான் அந்த 12தான். கண்டறியும் பட்டனை அழுத்தி மவுஸைக் கொண்டுபோவதற்குள் அறிவிப்பு மறைந்துவிடுகிறது, அதற்கு வழி சொல்லுங்கள்.

வந்தாறுமூலை:
பட்டனுக்குப் பக்கத்தில் சில வினாடி தாமதம் வைக்கலாம். தாமதத்தை வைத்து அழுத்திவிட்டு, வீட்டில் யாரையாவது போனில் வகுப்புக்குள் வரச் சொல்லுங்கள். மவுஸை அறிவிப்பு வரும் மூலையிலேயே வைத்திருங்கள்.