மொறிஸ் மைனர் பிக்கப்: ஸ்டாட்டர் மாற்றியும் அதே முக்கல்

தென்மராட்சியான்:

வணக்கம். அப்பாவின் 1959 மொறிஸ் மைனர் பிக்கப் இப்போது என் பொறுப்பில், சாவகச்சேரியில் நிற்கிறது. 948 சிசி எஞ்சின், பொசிற்றிவ் எர்த் (பற்றறியின் பிளஸ் முனை பொடியோடு இணைந்தது). சாவியால் ஸ்டாட் பண்ணுவது இல்லை, குமிழை இழுக்கிற பழைய முறை.

பொங்கலுக்குப் பிறகு கரைச்சல் தொடங்கியது. காலையில் குமிழை இழுத்தால் அரைச் சுற்றுச் சுற்றி முக்கி நிற்கும். சில நாட்களில் எஞ்சினைச் சுற்றிவிடுகிற ஸ்டாட்டர் மோட்டர் மட்டும் 'விர்ர்' என்று சுற்றும், எஞ்சின் அசையாது. இரண்டு தரம் 'டக்' என்று இறுகியும் போனது. ஒரு கராஜில் காட்டினேன். ஸ்டாட்டர் முடிந்துவிட்டது என்று சொல்லி வேறொன்றைப் போட்டுவிட்டார்கள். மூன்று நாள் ஒழுங்காக ஓடியது. நாலாம் நாள் பழையபடி முக்கல். பற்றறி புதியது, போன மாதம்தான் வாங்கினேன். இப்போது கொழும்பிலிருந்து இன்னொரு ஸ்டாட்டர் எடுக்க வேண்டும் என்கிறார்கள். கழற்றிய பழையதை வாங்கி வைத்திருக்கிறேன், லூக்காஸ் எம்35ஜி.

ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினால் உடனே ஸ்டாட் ஆகிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது அப்பா இதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு, ஹாண்டிலால் ஒரு சுற்று. அவர் போன வருடம் காலமானார். இது முற்றத்தில் நின்று துருப்பிடிப்பதைப் பார்க்க அம்மாவுக்கும் எனக்கும் மனமில்லை. இன்னொரு ஸ்டாட்டருக்குக் காசு கொடுக்கலாமா?

சுன்னாகம் ஏ40:

எங்கள் ஒஸ்ரின் ஏ40க்கு, பல்லுச்சக்கரம் வைத்த புது மாதிரிச் சின்ன ஸ்டாட்டர் ஒன்றைத்தான் கடைசியில் போட்டோம். எஞ்சின் சூடாக இருந்தாலும் ஒரே இழுப்பில் பிடிக்கும். காசு இருந்தால் அதைப் பாருங்கோ. வாங்கும்போது பினியனின் (ஸ்டாட்டர் நுனியில் உள்ள சின்னப் பல்லுச்சக்கரம்) பற்களைப் பழையதோடு வைத்து எண்ணிப் பார்க்க மறக்க வேண்டாம்.

பழைய வயர்க்காரன்:

தம்பி, காசைப் பொக்கற்றிலேயே வையும். நாற்பது வருடம் வாகன வயரிங் வேலை செய்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நீர் சொன்னது ஒரு நோய் இல்லை, மூன்று. மூன்றுக்கும் சேர்த்து ஒரு ஸ்டாட்டரை மாற்றியதால்தான் ஒன்றும் தீரவில்லை.

முதலில் முக்கல். ஹாண்டிலால் இலகுவாகச் சுற்றுகிறது என்றால் எஞ்சினில் இறுக்கம் இல்லை. புதுப் பற்றறி, வேறு ஸ்டாட்டர், அதே முக்கல் என்றால் மிச்சம் இருப்பது கரண்ட் போகிற பாதைதான். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரண்டைக் கடத்தாது. ஸ்டாட்டருக்கு வேண்டிய எர்த் முழுவதும் கியர்பொக்ஸிலிருந்து வருகிற பின்னல் பட்டி ஒன்றின் வழியாகத்தான். குனிந்து பாராவிட்டால் கண்ணில் படாது. அது இற்றுப்போனால் கரண்ட் வேறு வழி தேடும். எஞ்சினையும் பொடியையும் இணைக்கிற உலோகம் வேறு என்ன இருக்கிறது? சோக் கேபிள். ஐந்தாறு செக்கன் குமிழை இழுத்துவிட்டு சோக் கேபிளைத் தொட்டுப் பாரும், சூடா என்று.

மீற்றர் இருந்தால் இன்னும் நல்லது. ஸ்பார்க்குக்குக் கரண்ட் கொடுக்கிற கொயிலின் சின்ன வயரைக் கழற்றிவிடும், எஞ்சின் பிடிக்கக் கூடாது. மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் எர்த் முனையிலேயே வையும், கிளாம்பில் வைக்க வேண்டாம். மற்றதை ஸ்டாட்டரின் கோதில் வையும். ஒருவர் குமிழை இழுக்கட்டும். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை கெட்டிருக்கிறது.

இரண்டாவது அந்த 'விர்ர்'. இந்த மோட்டரில் பினியன் திருகுத் தண்டில் தானாக ஓடிப் போய், எஞ்சினின் ஃபிளைவீலைச் சுற்றியுள்ள பல்லு வளையமான ரிங் கியரில் பிடிக்க வேண்டும். அதை பெண்டிக்ஸ் என்போம். அதில் யாரோ கிரீஸ் பூசியிருப்பார்கள். கிளச் தூசியும் கிரீஸும் சேர்ந்து களியானால் பினியன் ஓடாது. மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, காயவிட்டு, அப்படியே பூட்டும். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம்.

மூன்றாவது அந்த 'டக்', பினியன் பல்லில் இறுகுவது. இறுகினால் திரும்பத் திரும்ப இழுக்காதேயும், தண்டு வளையும். ஸ்டாட்டரின் வால் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் தண்டின் நுனி சதுரமாகத் தெரியும். ஸ்பனர் போட்டுத் திருப்பினால் விட்டுவிடும். அடிக்கடி இறுகினால் ரிங் கியரைப் பார்க்க வேண்டும்.

பழைய எம்35ஜியை எறிந்துவிடாதேயும். உள்ளே கரண்ட் கொடுக்கிற நாலு கரி பிரஷும் எட்டு மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் மாற்றும். தண்டு சுற்றுகிற வெண்கல புஷ்ஷைப் புதிதாகப் போடுவதென்றால் ஒரு நாள் முழுக்க மெல்லிய எஞ்சின் ஒயிலில் ஊறவிட்டுப் போடும். பிரஷ் உரசுகிற செம்பு உருளையை, அதாவது கொம்யூற்றேற்றரைத் துப்புரவாக்கலாம், ஆனால் செம்புகளுக்கு நடுவில் உள்ள மைக்காவைச் சுரண்ட விடாதேயும். பற்றறியைச் சார்ஜ் பண்ணுகிற டைனமோவுக்குச் சுரண்டுவதுபோல் இதற்கும் சுரண்டிக் கெடுத்தவர்கள் கனபேர்.

தென்மராட்சியான்:

ஐயா, சோக் கேபிளைத் தொட்டேன். விரல் சுட்டுவிட்டது!

பிறகு மீற்றர் வைத்துப் பார்த்தேன். 2.3 வோல்ற். வாகனத்துக்குக் கீழே படுத்து ரோர்ச் அடித்தால், அந்தப் பட்டி பச்சை பிடித்து, ஏழெட்டு இழையில் தொங்குகிறது. போல்ற் பூட்டுகிற இடத்தில் மேலாலே பெயின்ற் வேறு அடித்திருக்கிறார்கள். இவ்வளவு நாளும் அதை யாரும் குனிந்து பார்க்கவில்லையே என்று கவலையாக இருந்தது.

ஒரு கேள்வி. வயரிங்கை நெகற்றிவ் எர்த் ஆக்கினால் நல்லது என்று ஒருவர் சொல்கிறார். அப்போது ஸ்டாட்டர் எதிர்ப்பக்கம் சுற்றாதா?

பழைய வயர்க்காரன்:

சுற்றாது. இந்த ஸ்டாட்டரில் கோதுக்குள் இருக்கிற காந்தக் கொயிலும், நடுவில் சுற்றுகிற ஆர்மெச்சரும் ஒரே தொடரில் இருக்கின்றன. பற்றறியை மாற்றினால் இரண்டின் காந்தமும் சேர்ந்தே மாறும், சுற்றுகிற பக்கம் மாறாது. டைனமோவை மட்டும் புதிதாகப் போலரைஸ் பண்ண, அதாவது அதன் காந்தத் திசையை மாற்ற வேண்டும். ஆனால் உம்முடைய நோய்க்கு அது மருந்து இல்லை. முதலில் பட்டியை மாற்றும். இரண்டு முனையிலும் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்துப் பூட்டும்.

தென்மராட்சியான்:

பட்டி மாற்றியாயிற்று. இப்போது 0.2 வோல்ற். கராஜில் போட்ட ஸ்டாட்டரை எடுத்துவிட்டு அப்பாவின் பழையதையே பூட்டினேன். மேல் போல்ற் மேலாலே வந்தது, கீழ் போல்றுக்குக் கீழேதான் படுக்க வேண்டியிருந்தது. பிரஷ் ஆறு மில்லிமீற்றர்தான் மிச்சம், நாலையும் மாற்றினேன். பெண்டிக்ஸில் நீங்கள் சொன்ன களிதான், தார்போல் இருந்தது. கழுவின பிறகு பினியனைக் கையால் சுற்றிவிட்டால் நுனிவரை ஓடி, தானாகத் திரும்பி வருகிறது.

நேற்றும் இன்றும் முதல் இழுப்பிலேயே பிடித்தது. சத்தம் கேட்டு அம்மா குசினிக்குள் இருந்து வெளியே வந்துவிட்டார்.

ஸ்டாட்டர் கழன்றிருந்தபோது அந்த ஓட்டையால் ரிங் கியரையும் பார்த்தேன். ஹாண்டிலால் மெதுவாகச் சுற்றப் பார்த்தால், எதிரெதிரே இரண்டு இடத்தில் பற்கள் தேய்ந்திருக்கின்றன. மற்ற இடம் நல்லாக இருக்கிறது. ஏன் இரண்டு இடத்தில் மட்டும்?

பழைய வயர்க்காரன்:

நாலு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது கொம்பிரஷன் தடுத்து, எப்போதும் அந்த இரண்டு இடங்களில் ஒன்றில்தான் நிற்கும். 1959இலிருந்து பினியன் அதே பற்களில்தான் போய் இடித்திருக்கிறது. அவசரம் இல்லை. இறுகினால் ரொப் கியரில் போட்டு வாகனத்தை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி விடும். கிளச் வேலைக்குக் கியர்பொக்ஸ் இறங்குகிற அன்று, ரிங்கை ஃபிளைவீலில் இருந்து கழற்றி, கால் சுற்றுத் திருப்பிப் போட்டால் நல்ல பற்கள் அந்த இடத்துக்கு வரும். சூடாக்கிப் போடுகிற வேலை, நல்ல லேத் பட்டறையில் கொடும். ரிங்கைப் பிரட்டிப் போட விடாதேயும். பற்களின் சரிந்த ஓரம் இப்போது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே பக்கம் பார்க்க வேண்டும். கழற்ற முதல் பெயின்றால் ஒரு கோடு போட்டுக் குறித்து வையும்.